முகம் பார்த்துச் சொல்லும் வேலை

உட்காரச் சொல்லவில்லை. துபாஷி வேங்கடராம முதலியார் உள்ளே போகிற போக்கில் திரும்பி, கொஞ்சம் இருங்கள், துரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனதோடு சரி. இருங்கள் என்றால் எதில் இருப்பது, எங்கே இருப்பது, அதைச் சொல்ல வேண்டாமா. தாழ்வாரத்தில் நாற்காலி ஒன்று கிடக்கிறது. அது துரைக்கு. துரை இல்லாத நேரத்தில் துரையின் தொப்பிக்கு. கீழே தரையில் மனு கொடுக்க வந்த குடியானவர்கள் குந்தியிருக்கிறார்கள். அவர்களோடு போய் நான் குந்த முடியுமா? வேங்கைமலைப் பாளையத்துத் தளவாய் நல்லமாடச் சேர்வை, கல்லாற்றுத் துறையில் கும்பினிப் பட்டாளத்தைத் திருப்பி அடித்தவன், என் பேர் காதில் விழுந்தால் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு இந்தத் துரைமார்களே மதுரைச் சாலையைப் பார்த்த காலம் ஒன்று இருந்தது, அந்த நான் ஒரு சமையல்காரன் கோழிக்கு இறகு பிடுங்குவதைப் பார்த்துக்கொண்டு துரை விசாரணை நடத்தும் கச்சேரி வாசலில் நிற்கிறேன். தூணில் சாயக்கூடாது. சாய்ந்தால் காத்துக்கிடக்கிறவன் மாதிரி ஆகிவிடும். நிற்கிறவன் வேறு, காத்துக்கிடக்கிறவன் வேறு. ஓரத்தில் இருந்த பெண்பிள்ளை கைக்குழந்தையை மடியோடு இழுத்துக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். வெயில் நகர்ந்ததால் தள்ளினாளா, என்னைப் பார்த்துத் தள்ளினாளா? வெயிலுக்காகத்தான் இருக்கும். வெயிலென்றால் என் பக்கமல்லவா தள்ள வேண்டும், என் பக்கந்தானே நிழல். அவளுக்கு என்னைத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்தால்தான் என்ன? நான் யாருக்குப் பயந்து தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டும்? நேராகப் பார்க்கிறேன், பார் அம்மா, நன்றாகப் பார்த்துக்கொள். அவள் பார்க்கவில்லை. குழந்தையின் மூக்கைத் துடைக்கிறாள்.

படை தருகிறேன் என்றார்கள். துரை தன் வாயால் சொன்னார், முதலியார் தமிழில் திருப்பிச் சொன்னார், நான் காதால் கேட்டேன். குதிரைக்காரர்கள் ஒரு பிரிவு, வேல்காரர்கள் ஒரு பிரிவு, எல்லாம் உங்கள் கையில், நீங்கள் பிறவியிலேயே தளவாய், உங்களைப் போல் ஒருவரை அந்தப் பாளையக்காரர் வைத்துக்கொள்ளத் தெரியாமல் விட்டது எங்கள் அதிர்ஷ்டம் என்றெல்லாம் பேசினார்கள். கடைசியில் கொடுத்திருப்பது முகம் பார்த்துச் சொல்லும் வேலை. காட்டில் எவனாவது பிடிபட்டால் எனக்கு ஆள் வரும். வந்து நிற்க வேண்டும். இவன் யார், பாளையத்து ஆளா, கூலிக்காரனா, சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற தரகன்கூட ஓரமாக உட்கார்ந்துதான் பார்க்கிறான். இதுவரை இரண்டு பேரைச் சொன்னேன். சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. அவர்கள் பொன்னம்பலத் தேவனின் ஆட்கள், எனக்குப் பின்னால் நின்று என்னைப் பற்றி அரண்மனையில் ஓதிக்கொடுத்தவர்கள், அவர்களை நான் ஏன் தெரியாது என்று சொல்ல வேண்டும்? அவர்கள் தொங்குகிற முச்சந்திப் புளியமரத்து வழியாக இன்று நான் வரவில்லை. சுற்றிக்கொண்டு குளத்துக்கரை வழியாக வந்தேன், அந்த வழியில் தூசி குறைவு. நேற்று வந்த ஆள் சொன்னது, உப்பு வண்டிகளோடு போன ஒருவனைப் பிடித்திருக்கிறார்கள், எருமை வியாபாரி என்று சாதிக்கிறான், புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு, இடது கைக்காரன். இடது கைக்காரன் என்று கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வளரியை இடது கையால் வீசி ஓடுகிற குதிரையின் காலை வாங்கக்கூடியவன் எங்கள் சீமையில் ஒருவன்தான். குருந்தன். எருமை வியாபாரியாம். எருமையின் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்றே அவனுக்குத் தெரியாது.

கல்லாற்றில் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறியவன் அவன். அன்றைக்கு என் வலது தோளில் குண்டு நின்றுவிட்டது, இன்றைக்கும் மழைக்காலத்தில் அது தன் இருப்பைச் சொல்கிறது. ஆற்றில் இடுப்பளவு வெள்ளம், நாணலுக்குள் என் ஆட்கள், அக்கரையில் பீரங்கி வண்டிகளை மாடுகள் இழுத்துக்கொண்டு இறங்குகின்றன. இறங்கட்டும், நடு ஆற்றுக்கு வரட்டும், அதுவரை எவனும் மூச்சுவிடக் கூடாது என்றேன். எவனும் விடவில்லை. பீரங்கி மணலில் புதைந்து மாடுகள் முரண்டுபிடித்தபோது கையை இறக்கினேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது, இந்தக் கச்சேரியில், இந்தக் கோழி நாற்றத்தில். அது என்னுடைய சண்டை. பொன்னம்பலத் தேவன் அன்றைக்கு எங்கே இருந்தான்? குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டப் போயிருந்தான். ராஜாவின் மைத்துனன், அக்காள் அரண்மனையில் இருக்கிறவரை அவனை எந்தக் குண்டும் தேடாது. வெற்றிக் கொலுவில் ராஜா சங்குமுத்துத் தேவர் வெள்ளித்தட்டில் முதல் தாம்பூலத்தை எடுக்கிறார், நான் தோளில் கட்டோடு முன்னால் நிற்கிறேன், கையை நீட்டக்கூடத் தொடங்கிவிட்டேன், அதுதான் பொறுக்க முடியவில்லை, நான் கையை நீட்டிவிட்டேன், அத்தனை பேர் பார்க்க. தட்டு என்னைத் தாண்டிப் போயிற்று. மைத்துனர் கிடாய் வெட்டிய புண்ணியத்தால் வந்த வெற்றி என்றார் ராஜா. சபை சிரித்தது, சந்தோஷச் சிரிப்பு. நீட்டிய கையை நான் என்ன செய்தேன்? கட்டைச் சரிசெய்வதுபோல் தோளுக்குக் கொண்டுபோனேன். அதற்குப் பிறகு அரண்மனைப் புலவன் பாட்டுக் கட்டினான், கல்லாற்றில் பொன்னம்பலம் யானைமேல் வந்தானாம். ஆற்றில் யானையே கிடையாது. ஒரு யானைகூடக் கிடையாது. அந்தப் பாட்டை இன்றைக்கும் நாற்று நடுகிற இடத்தில் பாடுகிறார்கள், பொய் என்று சொல்ல ஒருவனும் இல்லை, நாணலுக்குள் கிடந்த அத்தனை பேரும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார்கள். குருந்தன் மட்டும்தான் அன்று கொலு கலைந்ததும் குதிரை லாயத்துக்குப் பக்கத்தில் வந்து, ஐயா, வாங்க, போயிருவோம் என்றான். எங்கே என்று கேட்டேன். ஊருக்கு என்றான், நம்ம ஊருக்கு, வேலை வேணாம் ஒண்ணும் வேணாம், உழுது தின்போம் என்றான். பைத்தியக்காரன். தளவாயாக இருந்தவன் ஊருக்குப் போய் ஏர் பிடிப்பானா? அவமானப்பட்டவன் வீட்டுக்குப் போனால் அவமானம் நிஜமென்று ஆகிவிடாதா? அவனுக்கு அதெல்லாம் புரியாது. இருந்தாலும் வந்து கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான்.

சமையல்காரன் ஒரு கோழியை முடித்துவிட்டு அடுத்ததைப் பிடித்துவிட்டான். இறகு பறந்து என் வேட்டியில் ஒட்டுகிறது. தட்டினால் மறுபடி ஒட்டுகிறது. காட்டிக்கொடுத்தவன் என்கிறார்கள். என்னத்தைக் காட்டிக்கொடுத்தேன்? ஓடையைக் காட்டினேன். கோட்டைக்கு வடக்கே மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிற ஓடை, அதன் வழியாக வந்தால் சுவர் மண் பூசி நிற்கிற இடம். அந்தச் சுவரைக் கல்லால் கட்டுங்கள் என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ராஜா கேட்டாரா? பொன்னம்பலம் கோபுரத்துக்குச் சுதை பூச ஆள் வேண்டும் என்று கொத்தர்களை அழைத்துக்கொண்டு போனான். நான் கட்டச் சொல்லியும் கட்டாத சுவர், அது விழுந்தால் நானா பொறுப்பு? ஒரு புளியந்தோப்பில் வைத்து, நல்ல வெளிச்சத்தில், ஒளிந்து மறைந்து அல்ல, துரையின் முன்னால் மண்ணில் குச்சியால் கோடு கிழித்துக் காட்டினேன். கோடு கிழிக்கும்போதே சொன்னேன், பெண்களும் பிள்ளைகளும் கிழக்கு வாசல் வழியாக வெளியே போகிறவரை பீரங்கி பேசக்கூடாது. துரை தலையை ஆட்டினார். முதலியார்தான் சாட்சி. தலையை ஆட்டினால் சரி என்றுதானே அர்த்தம்? அவர்கள் தேசத்தில் தலையை ஆட்டினால் வேறு அர்த்தமா? கிழக்கு வாசலைப் பற்றி என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். நான் அப்போது வடக்கே ஓடைக்குள் இருந்தேன். கிழக்கே சத்தம் கேட்டது, கேட்கவில்லை என்று சொல்லவில்லை, ஆனால் சண்டையில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று யார் சொல்ல முடியும். ராஜா கொத்தளத்தில் நின்று செத்தார், செத்ததால் பெரியவராகிவிட்டார். பொன்னம்பலம் முதல் நாளே சுரங்கத்தில் புகுந்து தப்பினான், அவனைப் பற்றியும் ஒரு பாட்டு இருக்கிறது, மறுபடி வருவானாம். எப்படியும் விழப்போகிற கோட்டை அது. பீரங்கிக்கு எதிரே வளரியை வைத்துக்கொண்டு எத்தனை மழைக்காலம் தாங்கும்? சீக்கிரம் முடிந்தால் குறைவாகச் சாவார்கள் என்று கணக்குப் போட்டேன், ஒரு தளவாய் போடவேண்டிய கணக்கு அது, யோசனையில்லாத கும்பலுக்கு அது துரோகமாகத் தெரிந்தால் அதற்கு நான் என்ன செய்ய. கிழக்கு வாசலைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்றேன். யாரும் கேட்கவில்லை. துரை கேட்கவில்லை, முதலியார் கேட்கவில்லை, அன்னமயில் கேட்கவில்லை.

அன்னமயில் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெண்டாட்டி என்றால் ஒரு வார்த்தை கேட்கலாம், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் நான் சொல்லியிருப்பேன், எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லியிருப்பேன், தாம்பூலம், பாட்டு, சுவர், எல்லாம். கேட்டால்தானே. கோட்டை விழுந்த பிறகு தன் அப்பன் வீட்டுக்குப் போனாள், போன வண்டியிலேயே திரும்பி வந்தாள். அங்கே என்ன சொன்னார்கள் என்று நான் கேட்டேன், ஒண்ணும் சொல்லலை என்றாள். அவளுடைய அண்ணன் வாசல் கதவை அவள் வண்டி நின்ற பிறகு உள்ளே தாழ் போட்டான் என்று வண்டிக்காரன் மூலம் தெரிந்தது. பெண்ணைச் சேர்க்காத வீடு, அதுவும் மானமுள்ள வீடாம். இப்போது சோறு போடுகிறாள், வேட்டி துவைத்து வைக்கிறாள், நான் எங்கே போகிறேன் என்று மட்டும் கேட்பதில்லை. இன்று காலையில் நானாகவே சொன்னேன், பிடிபட்டிருப்பவன் குருந்தனாக இருக்கும் என்று. அடுப்புக்கு முன்னால் இருந்தாள். திரும்பவில்லை. விறகை உள்ளே தள்ளிக்கொண்டே, என்ன சொல்லப் போறீக என்றாள். அத்தனை மாதங்களில் அவள் என்னைக் கேட்ட ஒரே கேள்வி. எனக்குக் கோபம் வந்தது. எனக்குத் தெரியும் என்ன சொல்லவேண்டுமென்று, நீ சொல்லித்தர வேண்டாம் என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். கத்தியிருக்க வேண்டாம். அவள் கேட்டாளே, கேட்டதற்காகவாவது நின்று பதில் சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்வேன், இவனை நான் பார்த்ததே இல்லை என்று சொல்வேன், அதைத்தான் சொல்லப் போகிறேன் அன்னமயில்.

அப்போது பார்க்கலாம். அவன் வெளியே போவான், உப்பு வண்டிகளுக்குப் பின்னால் காட்டுக்குள் போவான், அங்கே மிச்சம் இருப்பவர்கள் அவனைச் சுற்றி உட்கார்ந்து எப்படித் தப்பினாய் என்று கேட்பார்கள். தளவாய் என்னைத் தெரியாது என்று சொன்னார் என்பான். யாரும் நம்பமாட்டார்கள். நிஜமாகத்தான், என் முகத்துக்கு நேரே நின்று, துரை முன்னால், உயிரைப் பணயம் வைத்துச் சொன்னார் என்பான். அவன் பொய் பேசமாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். அப்போது ஒருவனாவது யோசிப்பான் இல்லையா, இத்தனை பெரிய மனசு உள்ள மனுஷனை நாம்தான் தள்ளிவிட்டோமோ என்று. அது ஊர் ஊராகப் போகும். துரைக்குப் பொய் தெரிந்துபோனால் என்னைச் சும்மா விடமாட்டார், என்னையும் அந்தப் புளியமரத்துக்குக் கொண்டுபோவார். போகட்டும். பயமில்லை, கல்லாற்றில் பயப்படாதவனுக்கு இங்கே என்ன பயம். முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது, அதுதான் முக்கியம், கண் இமை அசையக்கூடாது. அவனும் காட்டக்கூடாது. அவன் காட்டமாட்டான். நாணலுக்குள் மூச்சை அடக்கிக் கிடந்தவன், அவனுக்கு நான் கண்ணால் சொன்னால் போதும்.

முதலியார் வந்து கூப்பிட்டார். வெளிச்சத்திலிருந்து உள்ளே போனதும் கண் இருட்டிக்கொண்டு, முதலில் துரையின் சட்டைப் பொத்தான்கள் மட்டும் தெரிந்தன. பிறகு மேசை. பிறகு சுவரோரம் ஒரு சிப்பாய், அவனுக்கு முன்னால் முழங்காலிட்டுக் குருந்தன். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்கள். உதடு கிழிந்து காய்ந்திருந்தது. மெலிந்துபோயிருந்தான், கழுத்து எலும்பு தெரிந்தது, தாடி பாதி நரைத்திருந்தது, இவனுக்கு எப்போது நரைத்தது. என்னைப் பார்த்தான். நான் கண்ணால் சொன்னேன். அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை, சபாஷ் என்று நினைத்தேன், என் ஆள், நான் பழக்கிய ஆள். துரை ஏதோ கேட்டார், முதலியார் என்னிடம் கேட்டார், இவனைத் தெரியுமா. நான் குனிந்து, தாடையைப் பிடித்து, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். அவன் தாடை என் கையில் சுட்டது, காய்ச்சல். நிமிர்ந்து சொன்னேன்.

“தெரியாது. எங்கள் பாளையத்து ஆள் இல்லை. மாட்டு வியாபாரி மாதிரிதான் இருக்கிறான்.”

குரல் நன்றாகத்தான் வந்தது. முதலியார் என்னை ஒரு கணம் அதிகமாகப் பார்த்தார், பார்த்துவிட்டுத் துரையிடம் சொன்னார், துரை இறகுப் பேனாவை எடுத்தார். அவ்வளவுதான், முடிந்தது, இதோ எழுதப் போகிறார், இவன் போய்விடுவான். நெஞ்சுக்குள் ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. அப்போது குருந்தன் பேசினான். என்னிடம் பேசவில்லை. முதலியாரைப் பார்த்துப் பேசினான், சந்தையில் தப்பான விலை சொன்னவனைத் திருத்துவதுபோல, கோபமே இல்லாமல்.

“சாமி, அவர் சொல்றதை எழுதிக்கிடாதீக. நாந்தேன் குருந்தன். சங்குமுத்து ராசாவுக்கு வளரிக்காரன்.”

முதலியார் அதைத் துரைக்குச் சொல்லவில்லை. மெதுவாக, எங்கள் இருவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அவனிடம், முட்டாளே, விட்டுவிடப் பார்க்கிறார்கள், வாயை மூடு என்றார். அந்த மனிதருக்கும் மனசு இருந்திருக்கிறது, இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லை. குருந்தன் தலையை ஆட்டினான்.

“இவர் வாயால பொழைச்சு வெளிய போனா, சாமி, எங்க வீட்டுல எனக்கு ஒரு வாய்த் தண்ணி தரமாட்டாக.”

நான் எத்தனையோ ஏச்சு கேட்டிருக்கிறேன். கோட்டை விழுந்த அன்று கொத்தளத்து மேலிருந்து என் பெயரைச் சொல்லிக் காறித் துப்பியவர்கள் உண்டு. அதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. இது ஏச்சே இல்லையே, இவன் தன் வீட்டைப் பற்றியல்லவா பேசுகிறான். அடப்பாவி, உனக்காகத்தானே. உயிரை அல்லவா கொடுத்தேன், பிச்சையா போட்டேன், நீயும் தட்டைத் தாண்டவிட்டால் எப்படி, நீயுமா, லாயத்துப் பக்கத்தில் வந்து கூப்பிட்டவன் நீதானே. துரை எங்கள் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் நாலு வார்த்தை, அதில் ஒன்று காதில் விழுந்துவிட்டது. தண்ணி? என்றார் குருந்தனிடம், இரக்கமாகக்கூட இருந்தது அந்தக் குரல். தண்ணி வேணும்? சிப்பாயைப் பார்த்துக் கையைக் காட்டினார். முதலியார் திருத்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார், எப்படியும் அடுத்தாற்போல் அவர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும், அதுவரைக்கும் ஒரு சாக்கு.

சிப்பாய் செம்பைக் கொண்டுவந்தான். நான் வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று தெரியாது, கை தானாக நீண்டது. குருந்தனின் கைகள் பின்னால் கட்டியிருக்கின்றன, யாராவது ஊற்றத்தானே வேண்டும், காய்ச்சல்காரன், உதடு வெடித்துக் கிடக்கிறான். நான் குனிந்து செம்பை அவன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சாய்த்தேன். அவன் வாயை மூடிக்கொண்டான். முகத்தைத் திருப்பவில்லை, முறைக்கவில்லை, குறுக்கே போகிற மாடு கடந்து போகட்டும் என்று வழியில் நிற்கிறவன் மாதிரி எனக்கு அப்பால் எதையோ பார்த்துக்கொண்டு பொறுமையாக இருந்தான். தண்ணீர் அவன் தாடியில் விழுந்து மார்பில் ஓடியது. குடி என்றேன். குருந்தா, குடி என்றேன், தெரியாது என்று சற்றுமுன் சொன்ன பெயரைத் துரை முன்னாலேயே சொன்னேன். அவன் குடிக்கவில்லை. சிப்பாய்க்கு நேரமாகிறதுபோல, உச்சுக்கொட்டிக்கொண்டு செம்பை என் கையிலிருந்து பிடுங்கினான். வடுகச் சீமைக்காரன், கும்பினிச் சிவப்புச் சட்டை, குருந்தனின் உதட்டைக் கிழித்த கை அவனுடையதாகத்தான் இருக்கும். அவன் ஊற்றினான். குருந்தன் முகத்தை அண்ணாந்து, கண்ணை மூடி, செம்பு காலியாகும்வரை குடித்தான்.